பச்சைக் கட்டடத்துக் குளியலறை

அத்தியாயம் 5

கேட்டில் 'வீடு வாடகைக்கு' என்று பலகை தொங்கியது. அதைப் பார்த்ததும் புரோக்கருக்குக் காலையில் குடித்த காபி தொண்டை வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

பலகை தொங்குவதில் தப்பொன்றுமில்லை. வீட்டு புரோக்கராக இருந்த காலத்தில் அவரே ஊர் முழுக்கத் தொங்கவிட்டவர்தான். ஆனால் இந்த வீட்டில் செத்துப்போன பெண்ணை நேற்றுத்தான் எடுத்தார்கள். அவளுடைய செருப்பு இன்னும் படிக்கட்டுக்குக் கீழே ஜோடியாகக் கிடந்தது.

"மாலை வாங்கப் போன கடைக்குப் பக்கத்துலயே போர்டும் எழுதக் குடுத்திருப்பார் போல வீட்டுக்காரர். ஒரே ஆட்டோ சார்ஜ், ரெண்டு வேலை," என்றார் புரோக்கர்.

மேடம் கேட்டைத் தள்ளித் திறந்தார். புரோக்கரின் ஜோக்குக்கெல்லாம் அவர் நிற்பதில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் நஷ்டத்தை மதிப்பிடும் சர்வேயராகப் பல வருஷம் இருந்து, பொய்க் கணக்குகளைப் பார்த்துப் பார்த்து அலுத்து, வேலையை விட்டுவிட்டுத் துப்பறியும் ஏஜென்சி ஆரம்பித்தவர். ஐம்பதைத் தாண்டிய வயசு, கையில் எந்நேரமும் ஒரு நீளக் குடை. புரோக்கரை அவர் சம்பளத்துக்கு வைத்திருப்பதற்கு ஒரே காரணம், இந்த ஊரில் அந்த மனுஷர் நுழைய முடியாத வீடே இல்லை என்பதுதான். அவருடைய வாய் அதோடு கூட வந்த இலவசம்.

இவர்களுக்குப் பின்னால் தயங்கித் தயங்கி வந்தார் தையல்காரர். செத்துப்போனவளின் அண்ணன். இந்தக் கேஸைக் கொண்டுவந்தவர் அவர்தான்.

கேஸ் இதுதான். மூன்று நாளைக்கு முன்னால் தையல்காரரின் தங்கை காலையில் குளிக்கப் போனாள். வெளியே வரவில்லை. அவள் புருஷன் பேக்கரியில் ரொட்டி போடுகிறவர். விடிவதற்கு முன்னால் போனால் எட்டு மணிக்குத்தான் திரும்புவார். அன்றைக்கு அவர் வந்து பார்த்தபோது குளியலறைக்குள் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் உட்கார்ந்து அவர்களுடைய நாலு வயசுப் பெண் கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள். கதவை உடைத்தார். உள்ளே உயிர் இல்லை. சமையல் கேஸில் எரியும் வெந்நீர் கீசரின் விஷக்காற்று வெளியே போகாமல் அறைக்குள்ளேயே நின்றுவிட்டது என்றார்கள். போலீஸ் வந்து கீசரின் புகைக்குழாயைச் சுவரிலிருந்து உருவிப் பார்த்ததும் உள்ளே ஒரு துணி. யார் அடைத்தது என்று இன்ஸ்பெக்டர் கேட்டு முடிப்பதற்குள், நான்தான் என்று சொல்லிவிட்டார் பேக்கரிக்காரர். குழாய் வழியாகக் கரப்பான் வருகிறது என்று முந்தின நாள் சாயங்காலம் அடைத்தாராம்.

பதில் இப்படித் தட்டில் வைத்து வந்தால் எந்த இன்ஸ்பெக்டர் மேற்கொண்டு தோண்டப் போகிறார்? ஆளை லாக்கப்பில் போட்டுவிட்டார். போதாததற்கு, முந்தின ராத்திரி புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை என்று கட்டடமே சாட்சி சொன்னது. வீட்டைக் காலி பண்ணலாம் என்று அவள் சொல்ல, இவர் முடியாது என்றிருக்கிறார்.

தையல்காரர் ஏஜென்சிக்கு வந்தபோது கண்ணில் தண்ணீர் இல்லை. மூன்று நாளில் வற்றிப்போயிருந்தது. அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "மாப்பிள்ளை தெரிஞ்சு செஞ்சாரா, தெரியாம செஞ்சாரா? அதை மட்டும் சொல்லுங்க மேடம். குழந்தை என் வீட்டுல இருக்கு. அப்பா எங்கன்னு கேக்குது. தெரிஞ்சுதான் செஞ்சார்னா, இந்த ஜென்மத்துல அந்த மூஞ்சியை அவளுக்குக் காட்ட மாட்டேன்."

அதற்காகத்தான் இப்போது இந்தப் பச்சைக் கட்டடத்தின் வாசலில் நிற்கிறார்கள்.

வீட்டுக்காரர் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு வெளியே வந்தார். தரைத்தளத்தில் அவர் குடும்பம். மேலே மூன்று மாடியும் வாடகை. வந்தவர்கள் யார் என்று கேட்பதற்கு முன்பே படிக்கட்டுச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த சான்றிதழைக் காட்டினார். வீட்டு உரிமையாளர் சேவை மையம் என்று மேலே கொட்டை எழுத்து, கீழே தங்கக் கலரில் ஒரு முத்திரை.

"நான் எல்லாம் சட்டப்படி வச்சிருக்கேன் மேடம். வருஷா வருஷம் சட்டப்படி கேஸ் செக்கப், கரண்ட் செக்கப். குடித்தனக்காரங்க வீட்டுக்குள்ள போகணும்னா சட்டப்படி முன்கூட்டி நோட்டீஸ். என்னை மாதிரி ஓனருங்களுக்கு இதெல்லாம் தெரியாதுன்னுதானே சேவை மையமே வச்சிருக்காங்க. எல்லாத்தையும் அவங்ககிட்ட விட்டுட்டேன். சட்டப்படி என் மேல ஒரு தூசு கிடையாது."

செத்தவளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த நிமிஷமே புரோக்கர் மனசுக்குள் அவருக்குச் 'சட்டப்படி' என்று பெயர் வைத்துவிட்டார்.

தையல்காரர் பக்கம் திரும்பி, உடைந்த குளியலறைக் கதவை அட்வான்ஸில்தான் கழிக்க வேண்டியிருக்கும், தப்பா எடுத்துக்கக் கூடாது, சட்டம் அப்படி என்றார் சட்டப்படி. தையல்காரர் கை அங்கேயே உயர்ந்திருக்கும். புரோக்கர் நடுவில் புகுந்து, கதவு என்ன மரம் என்று கேட்டுவைத்தார். வேப்பமரம் என்றார் சட்டப்படி. ஒரே ஆள் இடித்ததில் உடைந்ததென்றால் தக்கையாகத்தான் இருக்கும் என்றார் புரோக்கர். சட்டப்படி தன் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"முதல்ல பின்பக்கம் பாத்துடலாம்," என்றார் மேடம்.

பின்னால் ஒரு சந்து. சாக்கடை மூடியின் இரண்டு பலகை காணாமல் போயிருந்தது. ஊறிப்போன குப்பையும் எலிப்புழுக்கையும் சேர்ந்த நாற்றம் மூக்கைத் துளைத்தது. புரோக்கர் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். கட்டடத்தின் முதுகில், தளத்துக்கு ஒன்றாக, நாலு தகரக் குழாய்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் ஒரு குளியலறைக்கு.

மேடம் குடையை ஊன்றிக்கொண்டு ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்தார். இரண்டாவது மாடிக் குழாயில், அதாவது பேக்கரிக்காரர் வீட்டுக் குழாயில், ஒரு குருவி வாயில் புழுவோடு வந்து உட்கார்ந்தது. குழாய்க்குள்ளிருந்து நாலைந்து சின்ன வாய்கள் ஒரே நேரத்தில் திறந்துகொண்டு கத்தின.

"இந்தக் கட்டடத்துல வாடகை தராம இருக்கறது அது ஒண்ணுதான். இவர் கண்ணுல படறதுக்குள்ள குஞ்சுங்களுக்கு இறக்கை முளைச்சுடணும்," என்றார் புரோக்கர்.

குஞ்சு பொரிக்க எவ்வளவு நாளாகும் என்று கேட்டார் மேடம். கூடு கட்டி, முட்டையிட்டு, அடைகாத்து, எப்படியும் இரண்டு மூன்று வாரம் ஆகும் என்றார் புரோக்கர். மேடம் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு தரைத்தளக் குழாயைக் காட்டினார். அதற்கு மேலே சுவரில் கறுப்பாகக் கரி ஏறியிருந்தது. மேல் மூன்று குழாய்களைச் சுற்றிப் பச்சைப் பெயிண்ட் புதுசாகப் பளபளத்தது.

"உங்க போர்ஷனுக்கு மட்டும் ஏன் சார் பெயிண்ட் அடிக்கல?" என்று கேட்டார் புரோக்கர்.

சட்டப்படி முகத்தில் ஒரு தியாகக் களை வந்தது. தான் இருக்கிற இடம் எப்படி இருந்தாலும் பரவாயில்லை என்றும், குடித்தனக்காரர்கள் இருக்கிற இடம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்றும், அது தன் கொள்கை என்றும் சொன்னார். புரோக்கருக்கு அந்த மனுஷர் மேல் ஒரு நொடி மரியாதைகூட வந்தது. அந்த ஒரு நொடியை நினைத்து அன்றைக்கு முழுக்க அவர் வாயைக் கொப்பளித்துத் துப்பவேண்டியிருந்தது.

மாடி ஏறினார்கள். இரண்டாவது மாடி வீட்டில் ஒரு ஹாலும் ஒரு சமையலறையும் மூலையில் குளியலறையும். ஹால் சுவரில் குழந்தை கிறுக்கிய யானை ஒன்று இருந்தது. சட்டப்படி அதைப் பார்த்து உச்சுக்கொட்டினார். யானை வரைந்த குழந்தைக்காக அல்ல, பெயிண்ட் போனதற்காக.

குளியலறைக்குள் ஒரு ஆள் நின்று திரும்பத்தான் இடம். ஓரத்தில் பச்சைப் பாசி. தண்ணீர் போகும் ஓட்டையில் முடிச்சுருள் அடைத்து, அதன் மேல் சோப்பு நுரை காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. கால் வைத்ததும் கரப்பான்கள் நாலா பக்கமும் சிதறின. புரோக்கர் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். இந்த இடத்துக்குள் ஒரு பெண் தினமும் கதவைச் சாத்திக்கொண்டு குளித்திருக்கிறாள் என்று நினைத்ததும் கைக்குட்டையை மறுபடி எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார்.

மேலே இருந்த சின்ன ஜன்னலுக்குக் குறுக்கே ஒரு பிளைவுட் பலகை. ஆணி புதுசாக மின்னியது.

"இது யார் அடிச்சது?"

"நான்தான் மேடம். போன வாரம். மழைச் சாரல் உள்ள வந்து பெயிண்ட் உரியுது. பராமரிப்பு ஓனரோட கடமை இல்லையா? சட்டப்படி..."

"மத்த மாடியிலயும் அடிச்சிருக்கீங்களா?"

எல்லா மாடியிலும்தான், பாரபட்சமே கிடையாது என்றார் சட்டப்படி, பெருமையாக.

மேடத்தின் முகம் மாறியதைப் புரோக்கர் அப்போதுதான் பார்த்தார். மூன்றாவது மாடிக்குப் போய், யாரும் கீசரைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டு வரச் சொன்னார் அவர். முதல் மாடியிலும் அதையே சொல்ல வேண்டும். புரோக்கர் இரண்டிரண்டு படியாக ஏறினார். மூன்றாவது மாடியில் கர்ப்பிணிப் பெண் ஒருத்தி தோளில் துண்டோடு கதவைத் திறந்தாள். குளிக்கத்தான் கிளம்பிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும், கொஞ்ச நாளாகக் குளித்துவிட்டு வந்தாலே தலை கிறுகிறுக்கிறது என்றும், இந்த மாதிரி நேரத்தில் அப்படித்தான் இருக்கும் என்று மாமியார் சொன்னார் என்றும் சொன்னாள். புரோக்கர் உள்ளே போய்க் கீசருக்கு வரும் கேஸ் குழாயின் திருகை மூடிவிட்டு வந்தார். முதல் மாடி பூட்டிக் கிடந்தது. அங்கே இருப்பவர்கள் ஊருக்குப் போயிருக்கிறார்கள் என்று அவள் சொல்லியிருந்தாள்.

அவர் திரும்பி வந்தபோது மேடம் தையல்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். போலீஸ் எடுத்த துணியைத் தையல்காரரும் பார்த்திருந்தார். அது எவ்வளவு பெரிசு என்று கேட்டார் மேடம். துணி விஷயத்தில் தையல்காரர் கண் தப்பாது.

"கைத்துண்டுல கால்வாசி மேடம். கத்தரியால வெட்டினது. மீதி முக்கால் துண்டு இதோ கொடியில தொங்குது பாருங்க."

"ஏன் வெட்டினார்?"

"அதுக்கு மேல உள்ள போகலையாம். ஸ்டேஷன்ல அப்படித்தான் சொன்னார். அமுக்கி அமுக்கிப் பாத்தாராம். மிச்சம் வெளியில துருத்திக்கிட்டு நின்னுதாம், குழாயைத் திருப்பி மாட்ட முடியலையாம். அதனால வெட்டிட்டார்."

மேடம் கொடியிலிருந்த துண்டை எடுத்து விரித்துப் பார்த்தார். கீசரின் மேலிருந்து கிளம்பிய தகரக் குழாய் வளைந்து சுவருக்குள் போகும் இடத்தில் ஓட்டை திறந்து கிடந்தது. போலீஸ் உருவிய குழாய் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

"புரோக்கர், இந்தச் சுவர் எவ்வளவு தடிப்பு?"

"ஒரு செங்கல் தடிப்பு. முக்கால் அடி. பழைய கட்டடம், அதுல மட்டும் ஏமாத்தலை."

"ஓட்டைக்குள்ள என் கை முஷ்டி போகும். முக்கால் அடி ஆழம். இவ்வளவு பெரிய ஓட்டையில முழுத் துண்டையும் குத்தித் தள்ளினா எங்க போகும்?"

"அந்தப் பக்கம் போய்க் குருவி தலையில விழும்," என்றார் புரோக்கர். சொல்லிவிட்டு நிறுத்தினார். தான் சொன்னது ஜோக் இல்லை என்று அவருக்கே அப்போதுதான் உறைத்தது. முக்கால் அடி ஆழமுள்ள ஓட்டை, கால் துண்டிலேயே எப்படி நிறைந்தது?

மேடம் குடையின் முனையை ஓட்டைக்குள் விட்டார். ஒரு கட்டைவிரல் நீளம் போயிற்று.

டொக்.

இன்னொரு தரம் குத்தினார். டொக். மேலே, கீழே, பக்கவாட்டில். எல்லா இடத்திலும் அதே சத்தம்தான். செல்போன் வெளிச்சத்தை அடித்துவிட்டு, புரோக்கரை எட்டிப் பார்க்கச் சொன்னார்.

உள்ளே செங்கல் இருந்தது. உளி படாத, முழுசான, சிவப்புச் செங்கல். பூச்சை மட்டும் வட்டமாகச் சுரண்டி, குழாயின் வாயை அதில் சொருகி, சுற்றிலும் வெள்ளை சிமெண்ட் பூசி மெழுகியிருந்தார்கள். வெளியில் நீட்டிக்கொண்டிருந்த குழாய் அந்தப் பக்கத்துப் பூச்சில் இதே மாதிரி ஒட்டவைத்த இன்னொரு துண்டு. நடுவில் சுவர்.

புரோக்கர் விரலை விட்டு அந்தச் செங்கல்லைத் தடவிப் பார்த்தார்.

"தினமும் காலையில கீசர் எரியுது. அந்தச் சூடும் புகையும் வெளியில போயிருந்தா அந்தக் குழாயில குருவி கூடு கட்டுமா? குஞ்சுங்க உயிரோட இருக்குமா? துணி வச்சது அவ சாகறதுக்கு முந்தின நாள்தான். கூடு கட்டி மூணு வாரம் ஆச்சு. இந்தக் குழாய் வழியா எப்பவுமே எதுவும் போனதில்லை," என்றார் மேடம். "ஜன்னல் திறந்திருந்த வரைக்கும் விஷக்காத்து அது வழியா கொஞ்சம் கொஞ்சமா வெளியில போயிட்டிருந்தது. அந்தப் பொண்ணு வெறும் தலைவலியோட தப்பிச்சிட்டிருந்திருப்பா. போன வாரம் ஜன்னலுக்கும் பலகை விழுந்தது."

தையல்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டார். "அப்ப மாப்பிள்ளை வச்ச துணி?"

"செங்கல்லை அடைச்சிருக்கார். அவ்வளவுதான்."

சட்டப்படி முகத்திலிருந்த ரத்தமெல்லாம் எங்கோ இறங்கிப் போயிருந்தது. ஆனால் வாய் அடங்கவில்லை. இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு தையல்காரர் முன்னால் போய் நின்றார். குரல் தழுதழுத்தது. தானும் ஏமாந்தவன்தான் என்றார். சேவை மையத்துக்காரர்கள் வந்தார்கள், மாட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள், சான்றிதழ் கொடுத்தார்கள். சுவருக்குள் ஓட்டை இருக்கிறதா இல்லையா என்று தனக்கு எப்படித் தெரியும்? தானும் பெண் குழந்தையைப் பெற்றவன்தானே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். தையல்காரர் பாவம், அந்த நிலைமையிலும் அவருக்கு ஆறுதல் சொல்ல வாயைத் திறந்தார்.

புரோக்கர் படிக்கட்டுக்குப் போய்ச் சான்றிதழிலிருந்த நம்பரைப் பார்த்து வந்து டயல் செய்தார். ஸ்பீக்கரில் போட்டார். மேடத்துக்குப் புரிந்துவிட்டது, தையல்காரரைத் தோளில் தட்டிப் பேசாமல் இருக்கச் சொன்னார்.

மறுமுனையில் தேன் ஊற்றுகிற மாதிரி ஒரு பெண் குரல். புரோக்கர் குரலில் கொழுப்பை ஏற்றிக்கொண்டார். தான் ஒரு கட்டடம் வாங்கியிருப்பதாகவும், கீசருக்குப் புகைக்குழாய் போட்டுச் சான்றிதழ் வேண்டும் என்றும், சுவரை உடைப்பதென்றால் டைல்ஸெல்லாம் போய்விடுமே என்றும் கவலைப்பட்டார்.

"கவலையே வேண்டாம் சார். நம்மகிட்ட ரெண்டு விதம் இருக்கு. முழுப் பொருத்தம், வெளிப் பொருத்தம். இது நீங்க குடியிருக்கற போர்ஷனா சார், வாடகைக்கு விடற போர்ஷனா?"

"ஏம்மா, அதுல என்ன வித்தியாசம்?"

"குடியிருக்கற போர்ஷன்னா ஓனருங்க முழுப் பொருத்தம்தான் கேப்பாங்க சார். சுவரை உடைச்சுப் போடுவோம். வாடகை போர்ஷனுக்கு வெளிப் பொருத்தமே போதும். உடைக்கற வேலை இல்லை, ஒரே நாள்ல முடிஞ்சிடும். போட்டோவுல ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். சான்றிதழும் ஒண்ணுதான் சார். எது வேணும்னு ஓனர்தான் டிக் பண்ணிக் குடுக்கணும்."

யோசித்துச் சொல்கிறேன் என்று புரோக்கர் போனை வைத்தார். அந்தக் குரலில் ஒரு பிசிறுகூட இல்லை. சாப்பாடு ஆர்டர் எடுக்கிற மாதிரி கேட்டாள். ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் அதைக் கேட்டிருப்பாள், எத்தனை பேர் என்ன பதில் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தபோது, ஹால் ஜன்னல் வழியே தெரிந்த கட்டடங்களும் அவற்றின் முதுகில் நீட்டிக்கொண்டிருந்த குழாய்களும் அவருக்கு அருவருப்பாக இருந்தன.

"உங்க வீட்டுக் குழாய்க்கு மேல கரி ஏறியிருக்கு," என்றார் மேடம், சட்டப்படியைப் பார்த்து. "அது அழுக்கு இல்லை. அந்தக் குழாயில நிஜமாவே புகை போகுதுங்கறதுக்கு அடையாளம். நாலு குழாயில ஒண்ணு மட்டும் வேலை செய்யுது. அது நீங்க குளிக்கற இடத்துக் குழாய்."

சட்டப்படி கூப்பியிருந்த கையை மெதுவாகப் பிரித்தார். முகத்திலிருந்த அழுகை துடைத்துவிட்ட மாதிரி போய்விட்டது. அடுத்து அவர் பேசியபோது குரல் தெளிவாக, கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது.

"மூணு வீட்டுக்கும் உடைச்சுப் போடணும்னா டைல்ஸ், பூச்சு, பெயிண்ட்டுன்னு எவ்வளவு வேலை தெரியுமா? இவங்க வருவாங்க, போவாங்க. நான் இங்கயே இருக்கறவன். சட்டம் சான்றிதழ் கேட்டுது, வாங்கி மாட்டியிருக்கேன். பொறுப்பு இப்ப சேவை மையத்தோடது. ஒப்பந்தத்துல கையெழுத்து இருக்கு."

புரோக்கர் அத்தனை வருஷத் தொழிலில் எத்தனையோ வீட்டுக்காரர்களைப் பார்த்திருக்கிறார். ஒழுகுகிற கூரையை அருவி என்று சொன்னவர் உண்டு. எலியைப் பூனைக்குட்டி என்று சாதித்தவர் உண்டு. அவர்களைச் சொல்லிச் சிரிக்க முடிந்தது. இந்த ஆளைப் பார்க்கும்போது, செத்த பிராணியின் மேல் கால் வைத்துவிட்ட மாதிரி உடம்பு கூசியது.

"வேலையை யார்கிட்ட வேணும்னாலும் குடுக்கலாம்," என்றார் மேடம். "பொறுப்பைக் குடுக்க முடியாது. வாடகை யார் வாங்கறாங்களோ, அவங்ககிட்டதான் அது இருக்கும். சட்டப்படி."

அவர் இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டார். இன்ஸ்பெக்டர் முதலில் சலித்துக்கொண்டார். கேஸ்தான் முடிந்துவிட்டதே என்றார். வந்து ஒரே ஒரு குடையைச் சுவருக்குள் விட்டுப் பாருங்கள், போதும் என்றார் மேடம். அரை மணியில் வந்தார். விட்டுப் பார்த்தார். டொக் என்றது. அவர் காது மடல் சிவந்துவிட்டது. மூன்றாவது மாடிக்கும் போனார். அங்கேயும் டொக். சட்டப்படியை ஜீப்பில் ஏற்றும்போது, சட்டையைப் பிடிக்காதீர்கள், கசங்குகிறது என்று அந்த ஆள் சொன்னதைப் புரோக்கர் தன் காதால் கேட்டார்.

ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் தையல்காரர் வண்டியைத் தன் வீட்டுப் பக்கம் திருப்பச் சொன்னார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

லாக்கப்பில் பேக்கரிக்காரர் சுவரோரமாகக் குந்தியிருந்தார். முகத்தில் மூன்று நாள் தாடி. விரல் இடுக்கில் மைதா மாவு இன்னும் காய்ந்து ஒட்டியிருந்தது. தையல்காரர் கம்பிக்கு இந்தப் பக்கம் அவரைப் போலவே குந்திக்கொண்டு, சொல்ல வேண்டியதை ஒவ்வொன்றாகச் சொன்னார். செங்கல், குருவி, போனில் பேசிய பெண், ஜன்னல் பலகை. பேக்கரிக்காரர் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினாரே தவிர, முகத்தில் ஒன்றும் ஓடவில்லை.

"புரியுதா மாப்பிள்ளை? நீங்க எதையும் அடைக்கல. அடைக்கறதுக்கு அங்க ஓட்டையே இல்லை."

பேக்கரிக்காரர் தன் கையைப் பார்த்துக்கொண்டார். அந்தத் துணியை அமுக்கிய கை.

"தலை வலிக்குதுன்னு தினமும் சொன்னா மச்சான்," என்றார். "இந்த வீடு வேண்டாம், போயிடலாம்னு சொன்னா. அன்னைக்கு ராத்திரியும் அதுக்குத்தான் சண்டை. பாதியில போனா அட்வான்ஸ் திரும்பி வராதுன்னு நான்தான்... தைலம் வாங்கிக் குடுத்தேன். தேச்சுக்கிட்டுப் படுன்னேன்."

"என்கிட்டயும் சொன்னா," என்றார் தையல்காரர். "கண்ணாடி போட்டுக்கோன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

இரண்டு பேரும் கம்பிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக அழுதார்கள். இன்ஸ்பெக்டர், எழுத வேண்டியதை எழுதிவிட்டு ஆளை விட்டுவிடுவதாகவும், மூன்று நாளில் இந்த மனுஷர் ஒரு வார்த்தைகூடக் கேட்டதில்லை, சோறு கேட்கவில்லை, குழந்தையைப் பற்றிக்கூடக் கேட்கவில்லை என்றும் சொன்னார். அதைக் கல்நெஞ்சு என்று அவர் எழுதிவைத்திருந்தாராம். புரோக்கர் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பாப்பா எங்க மச்சான்?" என்று கேட்டார் பேக்கரிக்காரர்.

"வெளியில நிக்கறா. கூட்டிட்டு வரேன்."

தையல்காரர் எழுந்தார். பேக்கரிக்காரர் கம்பிக்குள்ளிருந்து கையை நீட்டி அவர் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டார்.

"இருங்க மச்சான்," என்றார். "இந்த மூஞ்சியோட வேண்டாம். கொஞ்சம் கழுவிக்கறேன்."